கை காட்டியவர்

ரொறன்ரோ பஸ்ஸில் ஒருவர் மற்றவரின் காலை மிதித்துவிட்டால் இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் மிதித்தவர் இறங்கிப் போய் மூன்று தரிப்புகள் கடந்த பிறகும், காலை அப்படி வெளியே நீட்டி வைத்திருந்தது தன்னுடைய பிழைதான் என்று, பக்கத்தில் இருந்த என்னிடம் ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். அவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வெயர்ஹவுஸுக்கு வேலை கேட்டுத்தான் போய்க்கொண்டிருந்தோம் என்பது இறங்கிய பிறகு தெரிந்தது.

இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில், குளிர்காலச் சப்பாத்துகளும் கையுறைகளும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிக் கடைகளுக்குப் பிரிந்துபோகும் ஓர் இடம். அங்கே வேலை செய்த தமிழர்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டார்கள். பெயர் இல்லாமல் இல்லை. நேர அட்டையில் எழுதியிருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் ஒரு பழியை மறுபடியும் அவருடைய கணக்கில் பதிந்துவிட்டது போலாகுமோ என்று தயக்கம்.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கலியாணம் செய்யவில்லை. மோர்னிங்சைட்டில் தங்கச்சி வீட்டில் இருந்தார். சேர்ட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வருவார். கோயிலில் யாரோ கொடுத்த பெரிய ஜக்கெட், கை நீளம், விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான் எல்லோருடைய கண்ணிலும் பட்டது. எங்கே எந்தப் பிழை நடந்தாலும் அது தன்னால்தான் என்பார். தங்கச்சி வீட்டில் சோறு அடிப்பிடித்தால், தான் கதை கொடுத்துக்கொண்டு நின்றதால்தான் என்பார். தமிழ்க் கடையில் வாங்கிய தயிர் புளித்திருந்தால், திகதியைப் பார்க்காதது தன் குற்றம். பஸ் பிந்தினால்கூட, தான் வேளைக்கு வெளிக்கிட்டிருக்க வேண்டும். வேலைத்தலத்தில் பெட்டிகள் மாறிப் போய் சூப்பவைசர் வந்து யார் செய்தது என்று கேட்டால், மற்றவர்கள் யோசித்து முடிக்கும் முன்னே அண்ணையின் கை உயர்ந்துவிடும்.

முதலில் சூப்பவைசருக்கு இது பிடித்திருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. உண்மையில் பிழை விட்டவனை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருமுறை மொன்றியலுக்குப் போக வேண்டிய சாமான் வேறெங்கோ போய்விட்டது. அன்றைக்கு அண்ணை லீவு. மறுநாள் வந்தவர், விசயத்தைக் கேள்விப்பட்டதும் நேரே போய் நான்தான் என்றார். சூப்பவைசர் சுவரில் இருந்த கலண்டரைக் காட்டினார். நீ நேற்று இங்கே இல்லையே என்றார். அண்ணை கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்திருந்தால் இது நடந்திருக்காது என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

இது பணிவா, பழக்கதோசமா, அல்லது ஒருவகைத் திமிரா என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

வோபர்னில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து போவோம். ரீச்சர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அம்மா. பாடப் புத்தகம் சலித்துப்போனால் இந்த நகரத்தின் பழைய கதைகளைப் போட்டோக்கொப்பி எடுத்து வருவார். ஆளுக்கொரு பந்தி வாசிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அவர் கொண்டுவந்த தாளில் ஒரு றெயில் விபத்து இருந்தது.

விக்டோரியா மகாராணியின் காலம். மாசி மாதத்து விடியல், பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்துக்கு மேற்கே இருந்த ஒரு தளபாடத் தொழிற்சாலைக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன றெயில் போகிறது. ஒற்றைத் தண்டவாளம். எதிர்ப்பக்கமிருந்து ஒரு சரக்கு றெயில். அது இடையில் ஒரு தரிப்பிடத்தில் ஒதுங்கி நின்று, வேலையாட்களின் றெயில் கடந்த பிறகுதான் புறப்பட வேண்டும். சரக்கு றெயிலின் கார்ட் நேர அட்டவணையை எடுத்துப் பார்த்தான். பெரிய றெயில்கள் எல்லாம் போய்விட்டன. அந்தச் சின்ன றெயில் அவனுடைய நினைவுக்கு வரவில்லை. எஞ்சின் ட்ரைவருக்குக் கை காட்டினான்.

ஒரு வளைவில் இரண்டும் சந்தித்தன. இரும்பில் நசுங்கியவர்களைவிட, வெடித்த கொதிகலனின் ஆவியில் வெந்து செத்தவர்கள் அதிகம். பெரும்பாலோர் இளவயதுக்காரர். அண்ணன் தம்பி, தகப்பன் மகன் என்று ஒரே தெருவில் இருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள். அந்தத் தெருவில் கறுப்புத் துணி கட்டாத கதவுகளை எண்ணுவதுதான் சுலபம் என்று தாளில் இருந்தது. கார்ட் கடைசிப் பெட்டியில் இருந்தபடியால் அவனுக்குக் காயமில்லை. முழங்கால் பனியில் தன்னுடைய றெயிலின் நீளம் முழுவதையும் நடந்து முன்னுக்கு வந்தான். அங்கே ஓடி வந்த முதல் ஆளிடம், மறந்துபோனேன், வேறு ஒருவரும் காரணமில்லை, நான்தான் என்றான். கைது செய்தார்கள். வழக்கு நடந்தது. ஜூரிகள் அவனைக் குற்றவாளி இல்லையென்று விட்டுவிட்டார்கள்.

தாள் அந்த இடத்தில் முடிந்தது. தீர்ப்பு நியாயமானதா என்று ரீச்சர் கேட்டார். ஒரு சோமாலியர், கம்பனியைத்தான் பிடித்திருக்க வேண்டும் என்றார். ஒரு தமிழ் அன்ரி, பாவம், விட்டது நல்லது என்றார். அண்ணை எழும்பி நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்றைத்தான் கேட்டார். அவனே நான்தான் என்று சொன்னானே, ஏன் நம்பவில்லை?

நம்பினார்கள், ஆனால் மறப்பது குற்றமில்லை என்று ரீச்சர் விளங்கப்படுத்தினார். அண்ணை திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். முகத்தைப் பார்த்தால் ஏற்றுக்கொண்டவர் போல இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"விட்ட பிறகு அவன் எங்கை போனவன் தம்பி? அடுத்தநாள் காலமை எழும்பி என்ன செய்திருப்பான்?"

நூறு வருடத்துக்கு முன் செத்துப்போனவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் விடவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் என்னை நகரத்துப் பெரிய நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பழைய பத்திரிகைகளைப் படம்பிடித்து வைத்த சுருள்களை ஒரு பெட்டியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். எனக்கு அவரைவிட ஆங்கிலம் தெரியும் என்பதால் வாசிப்பது என் வேலை. செத்த வீடுகள், மரண விசாரணை, வழக்கு என்று நாள் நாளாக வாசித்தோம்.

மரண விசாரணையில் எஞ்சின் ட்ரைவரும் சாட்சி சொல்லியிருந்தான். அட்டவணை தன்னிடமும் இருந்தது, அந்தச் சின்ன றெயிலைத் தானும் நினைத்திருக்க வேண்டும், ஆனால் கார்ட் கை காட்டியதால் எடுத்தேன் என்றான். அண்ணை அந்த இடத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். ட்ரைவருக்கும் பங்கு உண்டென்றால் கார்டின் பாரம் பாதியாகுமே, அதைக் கேட்டு ஆறுதலடைவார் என்று நான் நினைத்தேன். மாறாக அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"இவன் ஏன் இடையில வாறான்?" என்றார். "கை காட்டினவன் ஒருத்தன். அவனே சொல்லுறான். பிறகேன் உவருக்கும் கொஞ்சம், இவருக்கும் கொஞ்சம் எண்டு பிரிக்கினம்?"

விடுதலைக்குப் பிறகு கார்ட் என்ன ஆனான் என்று ஒரு வரிகூட அகப்படவில்லை. அவன் பெயர் பத்திரிகையிலிருந்து அப்படியே மறைந்துபோயிருந்தது.

வசந்தம் பிறந்து பனி கரைந்த ஒரு சனிக்கிழமை, செத்தவர்களைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சுரங்க றெயிலில் மேற்கே கடைசி வரை போய், அங்கிருந்து பஸ் எடுத்துப் போனோம். கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து வைத்த ஒரு கல் இருந்தது. பாதிப் பெயர்கள் அழிந்துபோயிருந்தன. புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் கிட்ட வந்து, உறவினர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணை ஆம் என்று தலையாட்டினார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். இல்லையென்றால் ஏன் வந்தது என்று கேட்பான், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை என்றார்.

பிறகு அண்ணை தொப்பியைக் கழற்றினார். கல்லில் மிஞ்சியிருந்த பெயர்களைத் தன்னுடைய உச்சரிப்பில் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, பஸ்ஸில் கால் மிதிபட்ட அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொறி என்று மன்னிப்புக் கேட்டார். நாயுடன் நடந்துவந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். நான் கொஞ்சம் தள்ளிப்போய், வேறு கல்லைப் பார்ப்பது போல நின்றேன்.

திரும்பும்போது, சுரங்க றெயிலில் பாதி வழி வந்த பிறகு, "அவனை விட்டதுதான் பிழை" என்றார். "ரெண்டு வருசமோ மூண்டு வருசமோ உள்ளுக்குப் போட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். விட்டபடியால் அவனுக்கு முடியவே இல்லை."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எனக்கு ஏதாவது வேலை வந்துகொண்டே இருந்தது. நானாக உண்டாக்கிக்கொண்ட வேலைகள்தான்.

அந்த வருடக் கடைசியில்தான் எங்கள் வெயர்ஹவுஸில் அது நடந்தது. இதை எழுதும்போது எனக்கே கட்டுக்கதை போலத் தெரிகிறது. ஆனால் நடந்த ஒழுங்கு அதுதான், என்னால் மாற்ற முடியாது.

லொறிகள் பின்பக்கமாக வந்து கட்டடத்தின் கதவுகளோடு ஒட்டி நிற்கும். எங்கள் தளத்துக்கும் லொறியின் தட்டுக்கும் இடையில் ஓர் இரும்புப் பலகை போட்டு, அதன்மேல் பெட்டி அடுக்குகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் வெளியே வரும். ஏற்றி முடியும் வரை கதவுக்கு வெளியே சிவப்பு லைட் எரியும். முடிந்ததும் பச்சை. மூன்றாம் கதவின் லைட் எரியாமல் போய்ப் பல கிழமையாகியிருந்தது. அங்கே மட்டும் வாய்ச்சொல்லும் கைச்சாடையும்தான். ட்ரைவர் பக்கக் கதவால் எட்டிப் பார்த்துச் சரியா என்று கேட்பான். நாங்கள் சரி என்றால் எடுப்பான்.

அன்று காலை பத்து மணியிருக்கும். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. நான் மூன்றாம் கதவருகில் கையில் தாள்களோடு நின்றேன். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி, அண்ணை பெட்டிகளுக்கு பிளாஸ்ரிக் சுற்றிக்கொண்டிருந்தார். தாளில் எல்லாம் சரி போட்டாகிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய குகன், யாழ்ப்பாணத்துப் பெடியன், கலியாணம் முடித்து ஒரு வருடம். அவன் கடைசி அடுக்கை உள்ளே வைத்துவிட்டு வந்ததை நான் கண்டேன். அது சரிந்து நிற்கிறதென்று நேராக்கத் திரும்பவும் உள்ளே போனதை நான் காணவில்லை. கண்டு மறந்தேனோ, அதுவும் நிச்சயமில்லை. ட்ரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டான். நான் தலையாட்டினேன்.

லொறி நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து குகன் பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தான். இரும்புப் பலகை விழுந்த சத்தம் முதலில் கேட்டது. பிறகு ஃபோர்க்லிஃப்ட் அவனோடு கீழே சரிந்தது. உயிர் போகவில்லை. இடுப்பும் இடது காலும் நொருங்கிவிட்டன.

அம்புலன்ஸ் போன பிறகு எங்களைச் சாப்பாட்டு அறையில் இருத்தினார்கள். யார் சரி சொன்னது என்று சூப்பவைசர் கேட்டார். லொறி ட்ரைவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான். அங்கே நின்ற ஒருவர் சரி என்றார், இவர்களில் யார் என்று சொல்லத் தெரியவில்லை என்றான். அவனுடைய கண்ணுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான்.

அண்ணை எழும்பினார். "நான்தான் கை காட்டினனான். என்ர பேரை எழுதுங்கோ" என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

சூப்பவைசர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். இதற்கு முன் எத்தனையோ தரம் கேட்ட வார்த்தைதான். இந்த முறை எழுதிக்கொண்டார்.

என்னுடைய மனைவியும் மகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் அலுவல் பாதியில் நின்றது. வேலைக் கடிதம் கட்டாயம் வேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். இதை ஒரு காரணமாகச் சொல்கிறேன். அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து வந்தவர் என்னிடம் என்ன கண்டாய் என்று கேட்டபோது, தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் காணவில்லை என்றேன். அதுதான் நான் சொன்னது.

அன்று பின்னேரமே அண்ணையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் தன்னுடைய கோப்பையைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார். போகும்போது என்னிடம் வந்து, "மூண்டாம் கதவு லைட்டை இனியாவது போடச் சொல்லும்" என்றார்.

பல மாதங்கள் கழித்து விசாரணையின் முடிவு வந்தது. லைட்டைத் திருத்தாமல் விட்டதும், வேலையாட்களுக்கு ஒழுங்கான விதி சொல்லிக் கொடுக்காததும் கம்பனியின் குற்றம். தனி ஆட்கள் மேல் குற்றமில்லை. கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. சந்தோசச் செய்தி என்று மோர்னிங்சைட்டுக்கு ஓடினேன். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டோனட் கடைக்கு அவரைக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

"என்னைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

இல்லை என்றேன். அவர் கோப்பியைத் தள்ளி வைத்தார். தொழில் கந்தோருக்குப் போய் இன்னொருமுறை தெளிவாகச் சொல்ல வேண்டும், மொழிபெயர்க்கக் கூட வர முடியுமா என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். பிறகுதான், அன்று முதல் நெஞ்சில் கிடந்ததை அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, உண்மையா நீங்கள் கை காட்டினனீங்களோ? நான் தலையாட்டினனான். அது எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்தார்.

"நீர் ஆருக்குத் தலையாட்டினீரோ எனக்குத் தெரியாது. லொறி வெளிக்கிட்டது என்ர கைக்கு."

என் பின்னால் பத்தடி தள்ளி நின்றவர். கையில் பிளாஸ்ரிக் சுருள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கையை உயர்த்தியிருக்க முடியுமா? முடியும் என்றும் படுகிறது. இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்றும் படுகிறது. அப்படியானால் நான் அவருக்குக் கடமைப்பட்டவன். அவர் உண்மையிலேயே காட்டியிருந்தால் நான் ஏன் இரவில் முழித்துக் கிடக்கிறேன்? அவரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்ததால் அவரைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அவர் தனியாகவே தொழில் கந்தோருக்குப் போனார். கோப்பு மூடியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்களாம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார் என்று தங்கச்சி ஃபோனில் சொன்னார். என்னுடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். நாங்கள் வீடு மாறினோம். அண்ணைக்குப் புது விலாசத்தைக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழிந்து ஒரு சித்திரை மாதக் காலை, மோர்னிங்சைட் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை.

அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று போனேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேர்ட்டின் மேல் பொத்தான் பூட்டியிருந்தது. தங்கச்சி என்னைக் கண்டதும் ஓரமாகக் கூட்டிப்போய்க் கதைத்தார். உங்களைப் பற்றி அடிக்கடி கேட்பார், பிள்ளை வந்திட்டுதோ என்று கேட்பார் என்றார். அண்ணை ஏன் அப்படி இருந்தார் என்று தங்கச்சியிடமாவது கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. கேட்டேன்.

தகப்பன் பொல்லாத அடிகாரன் என்று தங்கச்சி சொன்னார். யார் செய்தது என்று அவர் பிரம்போடு வந்து நின்றால் அண்ணன்தான் முதலில் போய் நிற்பாராம்.

"எங்களைக் காப்பாத்தத்தான் எண்டு நாங்கள் நினைச்சம். அந்த நன்றி எனக்கு இண்டைக்கும் இருக்கு. ஆனா ஒருக்கா பூனை தட்டி விளக்கு உடைஞ்சது. பூனை எண்டு அப்பாவுக்கும் தெரியும். அதுக்கும் இவர் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார். அடி வாங்கி முடிஞ்ச பிறகுதான் அண்ணனுக்கு நித்திரை வரும். அது ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை."

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒருவன் பொல்லை ஊன்றி நின்று காருக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருந்தான். குகன். மெலிந்திருந்தான். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தது, அதன் பிறகு அவனையும் நான் காணவில்லை. சுரங்க றெயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன், ஏறுங்கோ என்றான். இடது கால்தானே, ஓட்டலாம் என்றான்.

இரண்டு சந்திகள் கடந்திருக்கும். என்னை அறியாமலே என் வாய் திறந்துவிட்டது.

"குகன், அண்டைக்கு ட்ரைவருக்குத் தலையாட்டினது நான்."

அவன் காரை நிறுத்தவில்லை. துடைப்பான் கண்ணாடியில் போய் வந்தது. சிவப்பு லைட்டில் நின்றபோதுதான் பேசினான்.

"நீங்கள் ஒரு நாளைக்கு வந்து உப்பிடிச் சொல்லுவியள் எண்டு அண்ணை சொன்னவர்."

எனக்கு விளங்கவில்லை. எப்போது சொன்னார் என்று கேட்டேன். அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவன் வீட்டுக்கு வருவாராம். வந்து கதிரையில் இருந்து, நான்தான் தம்பி என்று சொல்வாராம். ஒரு ஞாயிறும் தப்பவில்லை. அவன் நடக்கப் பழகியபோது தோள் கொடுத்ததும் அவர்தானாம்.

"என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

"'அவன் வந்து தான்தான் எண்டு சொல்லுவான். நம்பாதை. அது என்ர' எண்டு சொன்னவர்."

பச்சை விழுந்தது. குகன் காரை எடுத்தான்.

என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, அல்லது தன்னுடைய ஒரு பொருளை யாரும் எடுத்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே பூட்டி வைத்தாரா? நன்றி சொல்வதா, கோபிப்பதா என்று தெரியாமல் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ என்ன நினைக்கிறாய் என்று குகனைக் கேட்டேன்.

"நான் என்னத்தை நினைக்க? நான் லொறிக்குள்ளயெல்லோ நிண்டனான்." அடுத்த சந்தியில் காரைத் திருப்பினான். "எனக்கு ஆரையாவது ஒருக்கா வடிவாக் கோவிக்க வேணும் போல கனநாள் இருந்தது. அந்த மனுசன் வந்து தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தா எப்பிடிக் கோவிக்கிறது? ரீ குடியுங்கோ எண்டுதான் சொல்லலாம். இப்ப நீங்களும் செத்த வீட்டால வந்து சொல்லுறியள். இண்டைக்கும் கோவிக்க ஏலாது."

நிலையம் வந்துவிட்டது. நான் இறங்கிக் கதவைச் சாத்தப் போனேன். அவன் முன்னுக்குப் பார்த்தபடியே, "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ" என்றான்.

போவதா விடுவதா என்று அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, போங்கோ என்று மட்டும் சொன்னாள். வோபர்னில் அவன் இருந்த மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். குகன் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து திறந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவுமில்லை.

"காலமையில ஒரு சொக்ஸ் போட எனக்கு எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று தொடங்கினான்.

அவனுடைய மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். குகன் நிறுத்தவில்லை. சொக்ஸிலிருந்து படிக்கட்டுக்குப் போனான். படிக்கட்டிலிருந்து, பிள்ளையைத் தோளில் வைத்து நடக்க முடியாத கதைக்குப் போனான். குரல் உயர்ந்துகொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கோபத்தில் எவ்வளவு எனக்குரியது, எவ்வளவு செத்துப்போனவருக்குரியது என்று பிரித்துப் பார்க்க எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சப்பாத்தையும் கழற்றாமல் வாசலிலேயே நின்று அவன் முடிக்கும் வரை கேட்டேன்.